மரம் வாங்கியாச்சா? மரம் ஜோடிச்சாச்சா?

டிசம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்தவர் வீடுகளில் ஒரு கேள்வி கிளம்பும். "மரம் ஜோடிச்சாச்சா?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். "இன்னும் இல்லீங்க, பசங்களுக்குப் பரீட்சை முடியட்டும்" என்று பதில் வரும். இப்போது அதே கேள்வி "மரம் வாங்கியாச்சா?" என்று மாறிக்கொண்டு வருகிறது. ஒரே ஒரு வினைச்சொல்தானே, போனால் போகிறது என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தச் சொல்லோடு சேர்ந்து வீட்டுக்குள்ளிருந்து வேறு சிலதும் வெளியே போகின்றன. முக்கியமாக, வீட்டுப் பிள்ளைகளின் கை.

இங்கே சண்டை பிளாஸ்டிக் மரத்தோடு இல்லை. 'தீம்' மரம் என்று ஒன்று வந்திருக்கிறதே, அதோடுதான். கொஞ்சம் காரமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளவும் :-)

மூன்று வீடு, மூன்று மரம்

ஏற்காடு மலையில் செம்மநத்தம் என்று ஒரு ஊர். சேர்வராயன் மலையின் மற்ற பல ஊர்களைப் போலவே காப்பிச் செடியும், அதற்கு நிழல் கொடுக்கும் சில்வர் ஓக்கும், அந்த மரத்தைப் பிடித்து ஏறும் மிளகுக் கொடியுமாக இருக்கிற பக்கம். டிசம்பர் என்றால் அங்கே காப்பிப் பழம் பறிக்கிற காலம். ஊரே தோட்டத்தில் இருக்கும். மாலை ஐந்தரைக்கே மூட்டம் இறங்கிவிடும்.

அந்த ஊரில் மூன்று வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். (கணக்குப் பாடத்தில் 'ராமுவும் சோமுவும் கூட்டாளிகள்' என்று வைத்துக்கொள்வதில்லையா, அந்த மாதிரி.)

முதல் வீட்டில், நிழலுக்காகக் கழித்துப் போட்ட சில்வர் ஓக் கிளை ஒன்று. பழைய பெயிண்ட் டப்பாவில் மண்ணை நிரப்பி நட்டிருக்கிறார்கள். டப்பாவைச் சுற்றிக் கலர் பேப்பர். கிளை முழுக்க மூன்று நிறக் காகிதச் சங்கிலி, ஜிகினாத் தாளில் வெட்டிய நட்சத்திரம், நாலைந்து பலூன், போன வருடங்களில் வந்த வாழ்த்து அட்டைகள் நூலில் கட்டித் தொங்குகின்றன. இதே வீடு கீழே சமவெளியில் இருந்திருந்தால் அது சவுக்குக் கிளையாக இருந்திருக்கும். மற்றதெல்லாம் அதேதான்.

இரண்டாவது வீட்டில், நர்சரியில் 'கிறிஸ்துமஸ் மரம்' என்ற பெயரில் விற்கிற அரோக்கேரியா, தொட்டியோடு. வருடம் முழுக்க வாசலில் நிற்கும். டிசம்பரில் மட்டும் இரண்டு பேர் பிடித்து உள்ளே தூக்கி வைப்பார்கள். அதில் கடையில் வாங்கிய சிவப்பு உருண்டையும் இருக்கும், பாப்பா ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டிய சிலுவையும் இருக்கும்.

மூன்றாவது வீட்டில் ஆறடி பிளாஸ்டிக் மரம். தங்க நிறமும் வெள்ளையும் மட்டும். எல்லா உருண்டைக்கும் ஒரே அளவு. ரிப்பன்கூட ஒரே அகலம். கிளை நுனிகளில் பனி மாதிரி வெள்ளைத் தூள். அழகாகத்தான் இருக்கிறது, அதை மறுக்க வேண்டாம். ஆனால் அந்த வீட்டுப் பையன் பள்ளியில் செய்த காகித நட்சத்திரம் எங்கே? "அது கலர் மேட்ச் ஆகலை" என்று அவன் அறைக் கதவில் ஒட்டிவிட்டார்கள். அவன் ஆயா ஆசையாக எடுத்து வைத்திருந்த பழைய மணி? அட்டைப் பெட்டியிலேயே இருக்கிறது.

போன வருடம்வரை மரத்தில் இருந்த இரண்டு பேர் இந்த வருடம் மரத்திலிருந்து இறக்கப்பட்டிருக்கிறார்கள். காரணம், நிறம் சேரவில்லை!

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது?

ஒரே நிற மரம் முதலில் நம் கண்ணில் படுவது ஓட்டல் வரவேற்பறையிலும் ஷாப்பிங் மாலிலும்தான். அங்கே அது நியாயமானதும்கூட. ஓட்டல் மரம் யாருடைய மரமும் இல்லை. அதில் யாருடைய நினைவும் தொங்க வேண்டியதில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் எடுப்பாகத் தெரிய வேண்டும், போட்டோவில் நன்றாக விழ வேண்டும், இரவோடு இரவாக நாலு பேர் மாட்டிவிட்டுப் போக வேண்டும். இதற்கெல்லாம் ஒரே நிறம் வசதி.

வீட்டு மரத்துக்கு இதில் எந்தத் தேவை இருக்கிறது? வீட்டுக்கு வருகிற விருந்தாளி மரத்தின் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, "இது யார் செஞ்சது?" என்று கேட்பார். தீம் மரத்தின் முன்னால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. கேட்டால் "செட்டாவே வந்துச்சு" என்பதுதான் பதில்.

கடைக்காரருக்கு இதில் லாபம் உண்டு. காகிதச் சங்கிலி போட்ட வீட்டுக்கு வருடத்துக்கு நாலு ஷீட் கலர் பேப்பரும் கொஞ்சம் பசையும் விற்கலாம். கதம்பமாக ஜோடிக்கிறவர் இரண்டு உருண்டை உடைந்தால் இரண்டு மட்டும் வாங்குவார். தீம் வீட்டிலோ போன வருடம் தங்க நிறம் என்றால் இந்த வருடம் நீலம், மொத்த செட்டையும் மாற்ற வேண்டும். உலகத்தின் கிறிஸ்துமஸ் அலங்காரச் சாமான்களில் பெரும்பகுதி சீனாவில் தயாராகிறது. அதிலும் யிவூ நகரத்து மொத்தச் சந்தை இதற்கே பேர்போனது. அங்கே கிளம்பும் பெட்டி பாரிமுனை வழியாகவோ சேலம் கடைவீதி வழியாகவோ மலை ஏறி வருகிறது. வியாபாரம் செய்வது தவறில்லை. வியாபாரிக்கு வசதியான ஒன்றை 'இதுதான் முறை' என்று வீடுகள் தாமாகவே ஏற்றுக்கொள்வதுதான் கோளாறு.

'ஒரிஜினல்' என்பவர்களுக்கு ஒரு சரித்திர வகுப்பு

"காகிதம் எல்லாம் சீப்பா இருக்குப்பா, ஃபாரின்ல எல்லாம் இப்படி வைக்க மாட்டாங்க" என்று ஒரு வசனம் உண்டு. ஃபாரினில் எப்படி வைத்தார்கள் என்று பார்த்துவிடலாம்.

வீட்டுக்குள் மரத்தை நிறுத்தி அலங்கரித்ததைப் பற்றிக் கிடைத்திருக்கும் பழைய குறிப்புகளில் முக்கியமானது 1605ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்று பிரான்சில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து வீடுகளைப் பற்றியது. அந்த மரங்களில் என்ன தொங்கியது? பல நிறக் காகிதத்தில் வெட்டிய ரோஜாக்கள், ஆப்பிள், மெல்லிய அப்பங்கள், ஜிகினா, மிட்டாய். ஆமாம், பல நிறக் காகிதம்! நானூறு வருடத்துக்கு முந்தைய அந்த ஊர்க்காரர் இன்று மலைக்கு வந்தால், முதல் வீட்டுப் பெயிண்ட் டப்பா மரத்தைத்தான் தன் ஊர் மரம் என்று அடையாளம் கண்டுகொள்வார். மூன்றாவது வீட்டு மரத்தைக் காட்டினால் இது என்ன என்று கேட்பார்.

பளபள உருண்டை அதற்கெல்லாம் பிறகு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லௌஷா என்ற ஊரில் கண்ணாடி ஊதுகிற தொழிலாளிகள், குடும்பம் குடும்பமாக வீட்டிலேயே உட்கார்ந்து செய்த சரக்கு அது. ஆப்பிளும் கொட்டைகளும் வாங்கித் தொங்கவிடக் காசில்லாத ஒரு தொழிலாளி அவற்றைக் கண்ணாடியில் ஊதிக்கொண்டார் என்று அந்த ஊரில் ஒரு கதையே உண்டு. கதை நிஜமோ இல்லையோ, அந்த உருண்டை பழத்துக்குப் பதிலாக வந்தது என்பதை அது மறக்கவில்லை. பிளாஸ்டிக் உருண்டை அந்தக் கண்ணாடியின் நகல். நகலின் நகலை வைத்துக்கொண்டு அசலைச் 'சீப்' என்பது நல்ல வேடிக்கை.

இங்கிலாந்து கதை இன்னும் தமாஷ். விக்டோரியா அரசி குடும்பத்தோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்த பிறகுதான் இந்த வழக்கம் அங்கே ஊரெல்லாம் பரவியது. 1850இல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை அதே படத்தை எடுத்து, அரசியின் கிரீடத்தையும் அவர் கணவரின் மீசையையும் அழித்துவிட்டு, ஏதோ அமெரிக்கக் குடும்பம் போலப் போட்டது. சுட்ட படம்தான்!

ஏற்காட்டுக்குக் காப்பி வந்தது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் கொண்டுவந்தார். அதாவது, இந்த மலையில் காப்பிச் செடி வேர் பிடித்தபோது இங்கிலாந்தின் சாதாரண வீடுகளில் கிறிஸ்துமஸ் மரம் என்பதே பழக்கத்தில் இல்லை.

"மரமே அந்நியம்" என்பவர்களுக்கு

இன்னொரு கட்சி உண்டு. அவர்களுக்குத் தீம் மரமும் வேண்டாம், காகித மரமும் வேண்டாம். "கிறிஸ்துமஸ் மரமே வெள்ளைக்காரன் சமாச்சாரம், தமிழனுக்கு எதுக்கு?" என்பார்கள்.

அவர்கள் ஒருமுறை தோட்டத்துக்குள் நடந்து பார்க்க வேண்டும். காப்பியின் பூர்வீகம் எத்தியோப்பியா. நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியா. வாசல் தொட்டியில் நிற்கும் அரோக்கேரியாவின் சொந்த ஊர் பசிபிக் கடல் தீவுகள். மிளகு ஒன்றுதான் இந்தப் பக்கத்துச் சரக்கு. அது ஆஸ்திரேலிய மரத்தின் மேல் எந்தக் கூச்சமும் இல்லாமல் ஏறிக் காய்க்கிறது. வந்தது எங்கிருந்து என்று கேட்டுக்கொண்டே போனால் காலையில் காப்பிகூடக் குடிக்க முடியாது.

கிறிஸ்துமஸும் இந்த மலைக்கு நேற்று வந்ததில்லை. சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894இல் தொடங்கியது, மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917இல். நூறு வருடத்துக்கு மேல் ஒரு ஊரில் இருக்கும் பண்டிகை அந்த ஊர்ப் பண்டிகைதான். அந்த ஊர்ப் பண்டிகை அந்த ஊர் மாதிரி இருக்க வேண்டாமா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

உதாரணமாக அந்தப் பஞ்சு. தமிழில் ஒரு சிக்கல்: மார்கழியில் விழுவதும் பனி, ஐரோப்பாவில் வெள்ளை வெளேரென்று குவிவதும் பனி. ஏற்காட்டில் முதல் பனி உண்டு, இரண்டாவது கிடையாது. டிசம்பர் 25 வரும்போது மார்கழி பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். விடிகாலையில் புல்லெல்லாம் நனைந்து கிடக்கும், எதிரே வருகிற ஆள் மூட்டத்தில் தெரிய மாட்டார். இப்படி ஒரு நிஜக் குளிர்காலத்தை வாசலில் வைத்துக்கொண்டு, உள்ளே பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பொய்க் குளிர்காலம் செய்வானேன்? சில்வர் ஓக் இலையைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடிப்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும். மரத்தின் பெயருக்குக் காரணமே அதுதான் என்பார்கள். வெள்ளி நிறம் வேண்டும் என்று கடைக்குப் போகிறவர் தோட்டத்தில் அதை மிதித்துக்கொண்டுதான் போகிறார். சிவப்பு உருண்டை வேண்டுமா? பழுத்த காப்பிக் கொத்து இருக்கிறது. பச்சைச் சரம் வேண்டுமா? மிளகு இருக்கிறது.

(ஆசைப்பட்டுப் பஞ்சு வைக்கிற குழந்தையை யாரும் திட்ட வேண்டாம். குழந்தை வைத்த பஞ்சு அழகுதான். 'பஞ்சு இல்லாவிட்டால் மரம் முழுமை இல்லை' என்று சொல்கிற பெரியவருக்குத்தான் இந்தப் பத்தி.)

வரவு செலவு பார்த்துவிடலாம்

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்கே போடலாம். ஒரு பிளாஸ்டிக் மரத்தின் விலை 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடம் வைத்திருந்தால் வருடத்துக்கு 300 ரூபாய் தேய்மானம். பரவாயில்லை, அது முதலினச் செலவு. ஆனால் தீம் மாற்றுவதற்காக வருடம் 1,500 ரூபாய்க்குப் புது செட் வாங்கினால், அது வருவாயினச் செலவு. பத்து வருடத்தில் 15,000. மரத்தின் விலையைப் போல ஐந்து மடங்கு. போன வருட செட்டுக்கு மறுவிற்பனை மதிப்பு பூஜ்யம்.

சுற்றுச்சூழல் கணக்கும் இதே மாதிரிதான். இரண்டு மீட்டர் உயரப் பிளாஸ்டிக் மரம் ஒன்றின் கார்பன் சுமை ஏறக்குறைய 40 கிலோ என்று பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் கணக்கிட்டிருக்கிறது. நிஜ மரத்தைவிட அது மேல் என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது பத்து வருடமாவது அதையே பயன்படுத்த வேண்டும். ஆக, பிளாஸ்டிக் மரம் வாங்கிய வீடு செய்ய வேண்டிய ஒரே புண்ணியம், அதை மாற்றாமல் இருப்பது.

இன்னொரு பக்கத்தில் காகிதச் சங்கிலியின் புத்தக மதிப்பு என்ன? ஐந்து ரூபாய்கூட இருக்காது. ஆனால் கணக்கியலில் நற்பெயர் என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கையில் பிடிக்க முடியாது, இருந்தாலும் மதிப்பு உண்டு. புலனாகாச் சொத்து என்று படிக்கிறோமே, அது. "இந்த மணி நீ ஒண்ணாவது படிக்கும்போது செஞ்சது" என்று அம்மா சொல்வது அந்த வகை. தீம் மரம் வருடா வருடம் இந்தச் சொத்தைத் தள்ளுபடி செய்துகொண்டே இருக்கிறது.

எதிர்க்கட்சி வாதங்கள்

ஒன்று: "ஏழை வீட்டுக் காகித மரத்தை உசத்தியாகப் பேசுவது சுலபம். அவர்களுக்கும் பளபளப்பு வேண்டாமா?" நியாயமான கேள்வி. காகிதம்தான் உத்தமம், கடைச் சாமான் பாவம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. காப்பி பறித்த கூலியில் ஒரு டஜன் மின்னும் உருண்டை வாங்கிக்கொண்டு வருகிற அம்மாவுக்கு அதை மாட்டுகிற சந்தோஷம் முழுதாக உண்டு. அவர் அதைக் காகிதச் சங்கிலியின் பக்கத்தில் மாட்டுவார். சங்கிலியைக் கழற்றி எறிந்துவிட்டு மாட்ட மாட்டார். தகராறு அந்தக் கழற்றி எறிகிற இடத்தில்தான்.

இரண்டு: "அழகுணர்ச்சி என்று ஒன்று இல்லையா? கண்டதையும் தொங்கவிட்டால் குப்பையாக இருக்காதா?" கதம்பம் குப்பையா? பூக்கடையில் போய்ச் சொல்லிப் பாருங்கள். பலவிதப் பூவைச் சேர்த்துக் கட்டுவதற்கும் ஒரு கை வேண்டும். எது மேலே, எது கீழே, கனமானது எந்தக் கிளை தாங்கும், அழுகிற சின்னவனுடைய பொம்மையை எங்கே மாட்டினால் அவன் கண் மட்டத்தில் இருக்கும், இதெல்லாம் அழகுணர்ச்சிதான். ஒரே நிறத்தில் எல்லாவற்றையும் வாங்குவது அதைவிட ரொம்பச் சுலபமான வேலை.

நவராத்திரிக் கொலுவைப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர்ப்பது வழக்கம். பழையதை வெளியேற்றுவது வழக்கமில்லை. மூக்கு உடைந்த மரப்பாச்சி, செட்டியார், அவர் கடை, பக்கத்தில் பிளாஸ்டிக் கிரிக்கெட் டீம் எல்லாம் ஒரே படியில் நிற்கும். கிறிஸ்துமஸ் குடிலிலும் அதே கைதான் தெரியும்: கசக்கிய காகிதம் மலை, உடைந்த கண்ணாடி குளம், முளைக்கவிட்ட கேழ்வரகு புல்வெளி. (இப்போது கொலுவிலும் தீம் வந்துவிட்டது என்பது தனிச் சோகம்.)

மூன்று: "சின்ன விஷயத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" இதற்குத்தான் முக்கியமான பதில்.

வெட்கம்

மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விடுமுறையில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் கேக்கும் முறுக்கும் சாப்பிடப் போவார்கள். மூன்றாவது வீட்டுப் பையன் முதல் வீட்டுக்கு வந்து, கெட்ட எண்ணமே இல்லாமல், "உங்க வீட்ல மரம் வாங்கலையா?" என்று கேட்கிறான். எதிரே மரம் நின்றுகொண்டிருக்கிறது! அவன் கண்ணுக்கு அது மரமாகவே படவில்லை. அதற்கு முந்தின நாள் இரவுவரை அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஊரிலேயே அழகான மரம் அதுதான். தோட்ட வேலை முடித்து வந்த அப்பா கிளையை நட்டுக் கொடுத்தார். அம்மா மைதாப் பசை காய்ச்சினார். தம்பி சங்கிலி ஒட்டினான். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அவள் அதை வேறு கண்ணால் பார்க்கிறாள். அடுத்த வருடம் "மரம் வேண்டாம்மா" என்கிறாள், அல்லது வாங்கச் சொல்லி அடம் பிடிக்கிறாள். அறுவடைக் கூலியில் அரிசி, துணி, பள்ளிச் செலவு என்று பங்கு போட்ட பிறகு மீதி என்ன இருக்கும் என்று அவளுக்கே தெரியும். அதனால் பெரும்பாலும் "வேண்டாம்" என்பதுதான்.

இந்த வெட்கம் தானாக வளர்ந்தது இல்லை, வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்தது. அதை வைத்ததில் அந்தப் பையனுக்குப் பங்கில்லை, பெரியவர்களுக்கு உண்டு. 'சிறந்த மரம்' போட்டி வைத்து, நிறப் பொருத்தத்துக்கு மதிப்பெண் போடுகிற நடுவர்களுக்கு உண்டு. விருந்தாளி வருகிறார் என்று பிள்ளையின் நட்சத்திரத்தைப் பின்பக்கம் திருப்பி மாட்டுகிற பெற்றோருக்கு உண்டு. படிப்புக்காகச் சேலத்துக்கும் சென்னைக்கும் போய், டிசம்பரில் ஊர் திரும்பி, "என்னம்மா இது, இன்னும் கலர் பேப்பரா?" என்று கேட்கிற கல்லூரி மகாராஜாக்களுக்கும் மகாராணிகளுக்கும் நிறையவே உண்டு. வகுப்பில் பாதிப் பேர் இப்போது தலையைக் குனிந்துகொள்ளலாம் :-)

என்ன செய்யலாம்? பெரிய புரட்சி ஒன்றும் தேவையில்லை. மரப் போட்டி நடத்துகிறவர்கள் 'தீம்' என்ற வரியை மதிப்பெண் தாளிலிருந்து எடுத்துவிட்டு, 'வீட்டில் செய்தவை எத்தனை, யார் யார் செய்தது' என்று ஒரு வரி சேர்க்கலாம். பிளாஸ்டிக் மரம் வைத்திருப்பவர்கள் அதையே வைத்துக்கொண்டு, பெட்டியில் கிடக்கும் ஆயாவின் மணியை எடுத்து முன்பக்கக் கிளையில் மாட்டலாம். தங்க நிறத்துக்கு நடுவே அது துருத்திக்கொண்டு தெரியும். தெரியட்டுமே! வருகிறவர் அதைத்தான் முதலில் தொட்டுப் பார்த்துக் கேட்பார்.

ஊருக்குப் போகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதைவிடச் சுலபமான வேலை ஒன்று இருக்கிறது. பஸ் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் வாயைப் பழக்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் "மரம் வாங்கியாச்சா?" என்று கேட்காதீர்கள். பையைக் கீழே வைத்துவிட்டு, "கத்தரிக்கோல் எங்கம்மா?" என்று கேளுங்கள்.